ராத்திரி ஜன்னல்

ஹெண்டர்சன், நெவாடா

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தது என் தப்பு, மன்னித்துவிடு. நீ கேட்ட கேள்விக்கு அந்த இடத்தையே போய்ப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று தள்ளிப்போட்டேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது போன வியாழக்கிழமைதான்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் 44 டிகிரி. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, என் விரலைத்தான் கடித்துப் பார்க்கிறாள். அவளுக்கு பாட்டி சமையல், எனக்கு நடை, இப்படிப் போகிறது பொழுது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, டாக்டரிடம் காட்டு. தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல்.

இனி உன் கேள்வி. ‘டிவியில் ‘பான் ஸ்டார்ஸ்’ என்று தமிழ் பேசிக்கொண்டு வருகிறதே அந்த லாஸ் வேகாஸ் அடகுக் கடை, அது நிஜமா, செட்டப்பா? நீ அங்கேதானே இருக்கிறாய், போய்ப் பார்த்துச் சொல்’ என்று எழுதியிருந்தாய். கூடவே, பெரியவர் கோபித்துக்கொள்வதைப் பார்த்தால் நாம் வேலை பார்த்த அடகுக் கடைச் சேட்டு ஞாபகம் வருகிறது என்றும்.

அந்தப் பெரியவர் ரிச்சர்ட் ஹாரிசன் இப்போது இல்லை, சேது. 2018 ஜூனில் போய்விட்டார், 77 வயசு. நீ பார்ப்பதெல்லாம் மறு ஒளிபரப்பு. கடற்படையில் இருபது வருஷம் இருந்தவர். அப்புறம் நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கிக் கையில் இருந்ததையெல்லாம் இழந்து, 1981-இல் ஐயாயிரம் டாலரோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். 1989-இல் மகன் ரிக்கோடு சேர்ந்து ‘கோல்ட் அண்ட் சில்வர்’ கடையைத் திறந்தார். அந்தக் கோபம் நடிப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இழந்து மீண்டவன் காசை எண்ணும்போது முகம் அப்படித்தான் இருக்கும்.

கடை, நீ படத்தில் பார்க்கிற வெளிச்ச வீதியில் இல்லை. அந்த சூதாட்ட ஓட்டல்களெல்லாம் முடிந்து, பழைய டவுனுக்குப் போகிற வழியில் லாஸ் வேகாஸ் புலவார்டில் இருக்கிறது. உள்ளே போனால் நம் கடையைவிடப் பத்து மடங்கு இருக்கும், அவ்வளவுதான். டிவியில் தெரிகிற பிரம்மாண்டம் கேமரா தருவது. கண்ணாடிப் பெட்டிகளில் நாணயம், கடிகாரம், மோதிரம். இன்னொரு பக்கம் நிகழ்ச்சியில் வருகிற நாலு பேர் முகம் போட்ட பனியனும் தலையாட்டும் பொம்மையும். நிகழ்ச்சி வருவதற்கு முன்னால் நாளைக்கு எழுபதிலிருந்து நூறு பேர் வந்துகொண்டிருந்த கடை. 2009-இல் ஒளிபரப்பு தொடங்கி ஒரு வருஷத்தில் எழுநூறைத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டத்தை நம்பிப் பக்கத்திலேயே 2016-இல் ஒரு சின்ன வணிக வளாகமே கட்டிவிட்டார்கள்.

நீ எதிர்பார்க்கிற ஆட்கள் யாரும் கவுண்டரில் நிற்கவில்லை. அவர்கள் நின்றால் வருகிறவன் எல்லாம் போனைத் தூக்கிப் படம் எடுப்பான். பக்கத்தில் ஒருத்தர் தன் கல்யாண மோதிரத்தை அடகு வைத்துக்கொண்டிருப்பார், அவர் முகமும் அதில் விழும். இந்தத் தொழிலில் அது கூடாது. நமக்கு இது தெரியாதா? சேட்டு முதல் நாளே உன்னையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னதை நினைத்துப் பார். பொருளைப் பார், ஆள் முகத்தைப் பார்க்காதே.

இந்த ஒன்றை யோசித்தாலே உன் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். முகம் தெரியக் கூடாத தொழிலில் எல்லா முகமும் பளிச்சென்று தெரிகிறது என்றால், அத்தனை பேரும் முன்னாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். படப்பிடிப்பு நேரத்தில் கடையைப் பொதுமக்களுக்கு அடைத்துவிடுகிறார்கள். பின்னால் பொருள் பார்ப்பதுபோல் நிற்கிறவர்களும் தேர்ந்தெடுத்து உள்ளே விட்டவர்கள்தான். என்ன பொருள் வரப்போகிறது என்பது தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அவர்கள் பார்த்து, கதை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பொருள்தான் கேமரா முன் வரும். துப்பாக்கிக்கு ஒருவர், பழைய புத்தகத்துக்கு ஒருவர், தாடியும் தொப்பியுமாக அருங்காட்சியகத்து மார்க் ஹால்-பாட்டன் ஒருவர் என்று நிபுணர்கள் வருகிறார்களே, ‘ஒரு நிமிஷம், என் நண்பரைக் கூப்பிடுகிறேன்’ என்று போன் போட்டதும் ஓடி வருவதற்கு அவர்கள் அடுத்த தெருவிலா உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆள் கதவைத் தள்ளுவது வெளியிலிருந்தும் தெரிகிறது, அதே தள்ளல் உள்ளேயிருந்தும் தெரிகிறது. அடுத்த முறை அதைக் கவனி.

இதனால் அத்தனையும் பொய் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. பொருள் நிஜம். ஹால்-பாட்டன் இந்த மாவட்ட அருங்காட்சியகத்தில் உண்மையிலேயே நிர்வாகியாக இருந்தவர். நிபுணர் சொல்கிற விலையில் பாதிக்குக் கீழேயிருந்து பேரம் தொடங்குகிறதே, அதுவும் நிஜமான கணக்கு. விற்கிற வரை கடையில் கிடக்க வேண்டும், வாடகை, சம்பளம், ஏலத் தரகு எல்லாம் போக மிஞ்ச வேண்டும். நாம் கல் நீக்கி, அரக்கு நீக்கி, அழுக்குக்கு ஒரு குன்றிமணி தள்ளி எடை போட்டால் ‘அநியாயம்’ என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! அதே முகம்தான் அங்கேயும்.

இப்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து எடுப்பது சட்டப்படி சரியா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சொன்னதிலிருந்து ஒரு பழைய சங்கதி தெரிந்துகொண்டேன். 1950-களில் இந்த நாட்டில் வினாடிவினா நிகழ்ச்சிகள் சக்கைபோடு போட்டன. ‘ட்வென்டி ஒன்’ என்று ஒன்று. அதில் சார்லஸ் வான் டோரன் என்கிற கல்லூரி ஆசிரியர் வாரா வாரம் ஜெயித்து நாடு முழுக்கப் பேர் வாங்கினார். 1959-இல் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து, பதில்களை எனக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது, போட்டி நிகழ்ச்சியில் முடிவை முன்கூட்டித் தீர்மானிப்பது குற்றம் என்று. ஆனால் அது போட்டிக்கு மட்டும். அடகுக் கடையில் யாரும் போட்டி போடவில்லையே. கதவைப் பத்துத் தடவை தள்ளச் சொல்லிப் படம் எடுத்தாலும் அந்தச் சட்டம் கிட்டே வராது.

2012 கடைசியில் இன்னொரு வழக்கு. கேட்பாரற்றுக் கிடக்கும் கிடங்கு அறைகளை ஏலம் எடுக்கிற ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ நிகழ்ச்சியில் நடித்த டேவ் ஹெஸ்டர் என்பவரே, அறைகளுக்குள் விலைமதிப்புள்ள பொருள்களைத் தயாரிப்பாளர்கள் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று சேனல் மேல் வழக்குப் போட்டார். சேனல் என்ன பதில் சொன்னது தெரியுமா? எங்கள் நிகழ்ச்சியை எப்படி அமைப்பது என்பது எங்கள் பேச்சுரிமை என்றது. மறு வருஷம் நீதிபதியும் அந்த வாதத்தை ஏற்று வழக்கில் ஒரு பகுதியைத் தள்ளினார். மிச்சம் பின்னால் சமரசத்தில் முடிந்துவிட்டது. பொருள் வைத்தார்களா இல்லையா என்பது நீதிமன்றத்தில் கடைசிவரை நிரூபணமாகவே இல்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாம் பார்ப்பது நடந்ததா, நடத்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறவனுக்கு எந்த உரிமையும் இல்லையா, சேது?

ஆனால் நான் இவ்வளவு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

அந்த நிகழ்ச்சியில் கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள், கவனித்திருப்பாய். ‘அடகு வைக்கிறீர்களா, விற்கிறீர்களா?’ கிட்டத்தட்ட எல்லாரும் விற்கிறேன் என்பார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சூதாட்டத்துக்குப் போகிறேன், சுற்றுலா போகிறேன் என்று சிரிப்பார்கள். நானும் நீயும் அடகுக் கடையில் எத்தனை வருஷம் உட்கார்ந்தோம்? அப்புறம் நான் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருபத்தாறு வருஷம். சிரித்துக்கொண்டு வெளியே போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் நகையைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்.

அடகு என்றாலே திருப்புவதற்காகத்தான். காவிரியில் தண்ணீர் வந்ததும் விதைநெல்லுக்கும் உழவுக்கும் ஆடியில் நகை வரும், அறுவடை முடிந்து தையில் திரும்பும். அண்டா ஆயாவை மறந்துவிட்டாயா? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அந்த அண்டா நம் கடைக்கு வரும், பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போகும். ஒரு வருஷம் பொங்கலுக்கு வரவில்லை. நீ தினம் அந்த அண்டா மேல் தூசி தட்டிக்கொண்டே இருந்தாய். திருப்புவதற்கான ஒரு வருஷம் ஏழு நாள் கெடு முடிகிற அன்றைக்குக் கடையைச் சாத்த விடாமல் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாயே, சேட்டு உன்னை ஒன்றும் சொல்லவில்லையே. அந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

இங்கேயும் வேறு மாதிரி இல்லை. அமெரிக்க அடகுக் கடைக்காரர்கள் சங்கம் சொல்கிற கணக்குப்படி நூற்றில் 85 அடகு திருப்பப்படுகிறது. கடன் தொகை சராசரியாக 150 டாலர், அவ்வளவுதான். வட்டி மட்டும் பயங்கரம். நெவாடாவில் மாதத்துக்கு 13 சதவீதம் வரை வாங்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. வாடகைக்கு, பெட்ரோலுக்கு, பிள்ளை மருந்துக்கு வாங்குகிற பணம், வட்டி கட்டித் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அந்த 85 பேர் டிவியில் வருவதில்லை. உள்நாட்டுப் போர்க் கத்தியும் பழைய பீரங்கியும் வருகின்றன. செட்டப் எது என்று கேட்டாயே, எனக்கு இதுதான் செட்டப்பாகத் தெரிகிறது. கதவை இரண்டு தடவை தள்ளியதை நான் மன்னித்துவிடுவேன். திருப்ப வருகிறவனையே காணாமல் அடித்துவிட்டார்கள், அதை மன்னிக்க முடியவில்லை.

வேறு மாதிரியும் எடுத்திருக்கலாம். இந்த யோசனையை முதலில் எச்பிஓ சேனலிடம் கொண்டுபோனார்கள். கடையில் ஒரு ராத்திரி ஜன்னல் உண்டு, அப்போது இருபத்துநாலு மணி நேரமும் வியாபாரம். அந்த ஜன்னலுக்கு வருகிறவர்களை வைத்து எடுக்கலாம் என்று எச்பிஓ விரும்பியது. அது நடக்கவில்லை. பிறகு ஹிஸ்டரி சேனலுக்குப் போனபோது குடும்பக் கதையும் பழம்பொருள் கதையுமாக மாறிவிட்டது.

அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் மறுபடியும் அழைத்துப்போகச் சொன்னேன். மாப்பிள்ளை வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். பனியன் வாங்குகிற கூட்டம் இல்லை. ஒருத்தர் கருவிப் பெட்டியோடு வந்தார், துளை போடுகிற மெஷின் ஏதோ. கைத்தொழில்காரர், நாளைக்கு வேலைக்கு அது வேண்டாமா என்று எனக்குப் பதைத்தது. அவர் போனதும் ஓட்டல் சீருடையோடு ஒரு பெண். சின்னக் கவர் ஒன்றை உள்ளே கொடுத்தாள். என்ன என்று தெரியவில்லை, நானும் உற்றுப் பார்க்கவில்லை, பழக்க தோஷம், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது சீட்டு அவள் கைக்கு வந்திருந்தது. இரண்டு தடவை படித்தாள். நாலாக மடித்தாள். போனின் பின்னுறையைக் கழற்றி, அதற்குள் வைத்து, மறுபடி மூடி, மூடிவிட்டதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சுருக்குப்பைக்குள் சீட்டை வைத்து முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்களே நம்மூரில், அதே கைதான், சேது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாப்பிள்ளை ‘என்ன மாமா, வெயில் ஒத்துக்கலையா?’ என்றார். ராத்திரி பத்தரை மணிக்கு என்ன வெயில். அவருக்கு என்ன சொல்லி விளக்குவேன்? நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருந்திருக்காது.

அந்தக் கடைக்குள் ஒரு மோதிரம் பிரபலம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணி 2001 பருவத்தில் கோப்பை வென்றதற்காக ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது. அடகு வைத்தார், திருப்ப வரவில்லை, முழுகிப்போய்விட்டது. டிவியில் அதைப் பெருமைப் பொருளாகக் காட்டியிருக்கிறார்கள். நம் கடையில் முழுகின பொருளை ஏலத்துக்கு எடுத்து வைக்கிற அன்றைக்கு நீ சாப்பிட மாட்டாய். உன்னை அப்போது எவ்வளவு கேலி செய்தேன். இப்போது சொல்கிறேன், நீ செய்ததுதான் சரி.

தீபாவளிக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவோம். ஒரு வேலை வைத்திருக்கிறேன் உனக்கு. சேட்டு கடையை மூடினபோது பழைய அடிக்கட்டைச் சீட்டுக் கட்டுகளை நீ வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பரணில் போட்டாய், செல் அரித்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இறக்கி வெயிலில் காயவை. நீ ஏறாதே, முழங்காலோடு ஏணியில் ஏறினால் நான் அங்கே வந்து உன்னைத் திட்டுவேன், பையனை ஏறச் சொல். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணுவோம். பேர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு வருஷத்தில் எத்தனை வந்தது, எத்தனை திரும்பியது, எத்தனை முழுகியது. இவர்கள் சொல்கிற 85-ஐவிட நம் கணக்கு அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்டா ஆயாவின் சீட்டு கிடைத்தால் மட்டும் தனியாக எடுத்து வை.

உன்,
வைத்தி