ஒரு சம்பளத்தில் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்பு மகள் கவிதாவுக்கு,

குழந்தை பெற்றுக்கொள்ளக் கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று போனில் கேட்டாய். "அதெல்லாம் கடவுள் பார்த்துக்குவார்" என்று உன் அம்மா குறுக்கே விழுந்ததில் பேச்சு அங்கேயே நின்றுபோனது. கடவுள் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் மாதம் பிறந்தால் தாஸ்காவுக்கு, அதுதான் குழந்தைக் காப்பகத்துக்கு, பணம் கட்ட வேண்டியவர்கள் நீங்கள். தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள் கணக்கு எழுதிப் பழகியவன் நான், எழுதினால்தான் எனக்குக் கணக்கு வரும். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

எல்லோரும் பால், பேம்பர்ஸ், தொட்டில் என்றுதான் கணக்கை ஆரம்பிப்பார்கள். அது சின்னக் கணக்கு, முதலில் அதை முடித்துவிடுவோம். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை நாளுக்குச் சுமார் 750 மில்லி பால் குடிக்கும். 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்றால் 25 கரண்டி, கிட்டத்தட்ட 110 கிராம் மாவு. 900 கிராம் டின் எட்டு நாளில் காலி, மாதத்துக்கு நாலு டின். டின் 50 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 200, 100 வெள்ளி என்றால் 400. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பால்மாவில் என்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. விலை கூடிய டின்னில் கூடுதலாக வருவது பெரும்பாலும் விளம்பரம். டின் சீக்கிரம் தீர்கிறதே என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்துவிடாதே. ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். தாய்ப்பால் கொடுத்தால் இந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. பால் எடுக்கும் கருவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 1,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் உண்டு, ரசீதை மட்டும் தொலைக்காதே. பேம்பர்ஸ் முதல் மாதங்களில் நாளுக்கு எட்டு, மாதம் 150 வெள்ளி என்று வைத்துக்கொள்.

பெரிய கணக்கு வேறு. பிள்ளை வந்ததும் எந்த வருமானம் நின்றுபோகும், எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்பதுதான் அது.

உன் சம்பளம் 3,000. ஈ.பி.எஃப் என்ற ஓய்வுக்காலச் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி எல்லாம் போகக் கைக்கு வருவது சுமார் 2,650. நீங்கள் இருக்கும் பூச்சோங் பக்கம் கைக்குழந்தைக்குத் தாஸ்கா 700 வெள்ளி, நீ வேலைக்குப் போய்வரப் பெட்ரோல், டோல் 350, மதியச் சாப்பாடு 200. மிச்சம் 1,400. "இந்த 1,400 வெள்ளிக்காகவா பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடுகிறாய், வேலையை விட்டுவிடு" என்று சொல்ல ஆள் நிறைய வரும். அவர்கள் கணக்கில் விட்டுப்போவது ஈ.பி.எஃப். உன் பங்கு 11 விழுக்காடு 330, முதலாளி போடும் 13 விழுக்காடு 390, ஆக மாதம் 720. நாலு வருடம் வீட்டில் இருந்தால் லாப ஈவு சேர்க்காமலே 34,560 வெள்ளி உன் கணக்கில் சேராது. திரும்பி வேலைக்குப் போகும்போது பழைய சம்பளம் கிடைக்குமா என்பது அதற்கு மேல். வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுவதானால் அதன் விலை மாதம் 2,120 என்று தெரிந்து விடு.

அதனால் என் யோசனை இது. குழந்தை உண்டாவதற்கு முன்பே, ஆறு மாதம் மாப்பிள்ளை சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை ஓட்டிப் பாருங்கள். உன் 2,650 வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும், அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வேண்டாம். ஆறு மாதத்தில் 15,900 சேரும். முழுசாகச் சேர்ந்தால் உங்களால் முடியும். பாதியில் கை வைத்தீர்கள் என்றால் எதற்காக வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் கார் தவணையாக இருக்கும். மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் அந்தப் புதுக் காருக்கு ஒன்பது வருடக் கடன். இப்போதே குழந்தை உண்டானாலும், அது இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுகூட அதே காருக்குத்தான் கட்டிக்கொண்டிருப்பார். இருக்கிற மைவி காரே போதும். அதில் குழந்தை இருக்கை ஒன்று மாட்டுங்கள், 2020 முதல் அது சட்டப்படி கட்டாயம். எங்களுக்கு அனுப்பும் 300 வெள்ளியையும் கணக்கில் எழுது. குறைக்க வேண்டியிருந்தால் குறை, சொல்லிவிட்டுக் குறை, அவ்வளவுதான்.

வேலை மாறும் எண்ணம் இருந்தால் முதலில் மாறிவிடுங்கள். பிரசவ விடுப்பு 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். ஆனால் விடுப்புக் காலச் சம்பளம் கிடைக்கப் பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏழு நாள் விடுப்பு உண்டு. அதற்கு அவர் ஒரே கம்பெனியில் 12 மாதம் இருந்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்கவும் வேண்டும். நீ ஐந்து மாதமாக இருக்கும்போது அவர் கம்பெனி மாறினால் அந்த ஏழு நாள் போயிற்று.

பிரசவம் எங்கே என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) 12 வாரத்துக்குள் பதிந்து, அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் பெற்றால் பில் சில நூறு வெள்ளியைத் தாண்டுவது அபூர்வம். தனியாரில் சுகப்பிரசவமே ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம், சிசேரியன் அதற்கு மேல். தனி அறையும் நேரத்துக்கு வரும் டாக்டரும் வேண்டுமென்றால் தாராளமாகப் போ. ஆனால் கையில் இருப்பது சிசேரியன் பில்லுக்கும் போதுமா என்று பார்த்துவிட்டுப் போ, சுகப்பிரசவ விலையை நம்பிப் போகாதே. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் வைத்தால் நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். பாதியில் அரசாங்க மருத்துவமனைக்கு மாற்ற அங்கே இடம் கிடைக்க வேண்டும். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இருக்கிறதே என்று நினைக்காதே, சாதாரண மெடிக்கல் கார்டு பிரசவத்துக்குப் பணம் கொடுக்காது. புதிதாக எடுத்தால் அது பயன்படத் தொடங்கப் பொதுவாக 30 நாள் காத்திருப்பு, சில நோய்களுக்கு 120 நாள். அதனால் கார்டை இப்போதே எடு, நோய் வந்த பிறகு எடுக்க முடியாது. அரசாங்கப் பட்டியலில் உள்ள தடுப்பூசிகள் கிளினிக்கில் இலவசம். பட்டியலில் இல்லாதது வேண்டுமென்றால் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

தாஸ்காவுக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் அதிகம் அடிபடப் போவது இதில்தான். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் விடியற்காலை பிள்ளையை ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனார்கள். ஆயாவுக்குச் சம்பளம் நிர்வாகம் கொடுத்தது. தோட்டத்தார் கொடுத்த லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் மருந்து கொடுப்பார். "நாங்க ஆறு பிள்ளை வளர்க்கலையா" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதெல்லாம் மறந்துபோகிறது. தோட்டம் சுமந்த செலவு அத்தனையும் இப்போது உங்கள் இரண்டு சம்பளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

நாலு குழந்தையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் எந்த இடமும் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சுவரில் தேடு. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்துக்கு ஒருவர், இதுதான் விதி. நீ போய்ப் பார்க்கும்போது தலையை எண்ணு. கைக்குழந்தைக்கு இடம் குறைவு என்பதால் ஐந்தாம் மாதத்திலேயே பேர் கொடுத்து வை, பதிவுக் கட்டணமும் ஒரு மாத டெபாசிட்டும் கேட்பார்கள். கை, கால், வாயில் கொப்புளம் போடும் நோய் வந்தால் ஒரு வாரம் பத்து நாள் பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள். கட்டணம் குறையாது, உங்களில் ஒருவர் ஆண்டு விடுப்பு எடுக்க வேண்டும். முதல் வருடம் இது ஒரு தடவையோடு நிற்காது. அதனால் தீபாவளிக்கு, திருமணத்துக்கு என்று எல்லா விடுப்பையும் எடுத்து முடித்துவிடாதீர்கள். பதிந்த தாஸ்கா என்றால் 3,000 வெள்ளி வரை வரிக் கழிவும் கிடைக்கும். கழிவு என்றால் 3,000 வெள்ளி கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. 11 விழுக்காடு கட்டுகிறவருக்கு மிச்சமாவது 330, ஆறு விழுக்காடு கட்டுகிறவருக்கு 180. அதனால் உங்களில் யார் கூடுதல் விழுக்காட்டில் இருக்கிறாரோ அவர் கேட்கட்டும். பிள்ளைக்கான 2,000 வெள்ளிக் கழிவுக்கும் இதே கதைதான்.

பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து போகலாம் என்ற எண்ணம் உனக்கு இருப்பது தெரியும். எங்களுக்கு ஆசைதான். ஆனால் பெட்ரோல், டோல் மட்டுமே மாதம் 250 வெள்ளி ஆகும், உன் அம்மாவின் முட்டியும் பழைய முட்டி இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு வேண்டுமானால் பேசலாம்.

காகிதங்களுக்கு வருவோம். நம் பக்கத்தில் கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்தும் வைத்துவிட்டு, பதிவை மட்டும் விட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதியாத கல்யாணம் என்றால் இருவரும் சேர்ந்து கேட்டால் ஒழிய சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) அப்பா பேர் ஏறாது, பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். உங்கள் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று இப்போதே எடுத்து வை. பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் ஜே.பி.என்.னில் (தேசியப் பதிவு இலாகாவில்) பதிந்துவிட வேண்டும். தள்ளிப்போனால் ஆவணம் கேட்டுக் கேட்டு அலைய விடுவார்கள்.

வேலையில் சேர்ந்தபோது உன் ஈ.பி.எஃப்.பில் வாரிசாக எங்கள் பேரைப் போட்டாய். அதை மாற்று, மாப்பிள்ளையும் மாற்றட்டும். உயிர்க் காப்புறுதியில் மனைவி, பிள்ளை பேரைப் போட்டால் அந்தப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது. உயில் இல்லாமல் ஒருவர் போனால் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி துணைக்குக் கால், பிள்ளைக்கு அரை, பெற்றோருக்குக் கால். பிள்ளையின் பங்கு 18 வயது வரை காப்பில் இருக்கும், வீட்டை விற்கக்கூட நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வரும். எங்கள் கால் பங்குக்காக உன்னை நாங்கள் இழுத்தடிக்க மாட்டோம், இருந்தாலும் இருவரும் உயில் எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியது இருந்தால் அது செல்லாது. ஏஜென்ட் வந்தால் முதலில் பிள்ளை பேரில் கல்விக் காப்புறுதி என்றுதான் தொடங்குவார். சம்பாதிக்கிறவர் நீங்கள், காப்புறுதி முதலில் உங்கள் மேல் இருக்கட்டும்.

படிப்புக்கு மாதம் 150 வெள்ளி பிறந்த மாதத்திலிருந்து போட்டால், நாலு விழுக்காடு என்று வைத்தாலும் 18 வயதில் சுமார் 47,000 நிற்கும். அதில் நீங்கள் போட்டது 32,400. ஒன்பது வயதில் தொடங்கினால் அதே தொகைக்கு மாதம் 365 போட வேண்டும். எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்குக்கு வரிக் கழிவு உண்டு, பின்னால் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கேட்கவும் அந்தக் கணக்கு வேண்டும். அமைச்சராக இருந்த நம்மூர்த் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் சீவுகிறவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களை வாங்கினார்கள். தமிழ்ப்பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பள்ளி வேனும், பள்ளி முடிந்து மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடமும் சேர்ந்து தாஸ்கா கட்டணத்துக்குப் பக்கத்தில் வரும். ஏழு வயதானால் செலவு இறங்கும் என்று எண்ணாதே.

கடைசியாகக் கடன். கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகச் சொன்னாய். வேண்டாம். அந்தத் தொழிலையே 1971இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், எடுத்தவர் ஓடினால் போலீசில் சொல்லவும் கூச்சமாக இருக்கும். அவசரத்துக்கு நகையை அடகு வைத்தால் மாதம் இரண்டு விழுக்காடு, 3,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 360. அந்த ஆறு மாதத்துக்குள் மீட்காவிட்டால் நகை போய்விடும். முதல் பிறந்தநாளுக்கு மண்டபம், பலூன், டி.ஜே. என்று நகையை வைத்தவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டியது ஒரு கேக்கும் மதியத் தூக்கமும்.

பொங்கலுக்கு வரும்போது இருவருடைய சம்பளச் சீட்டு, கார் கடன் பத்திரம், மெடிக்கல் கார்டு பாலிசி மூன்றையும் கொண்டு வா. நான் கட்டம் போட்டு வைக்கிறேன். பிள்ளை எப்போது என்று நான் கேட்கப் போவதில்லை. "விசேஷம் ஏதும் உண்டா" என்று உன் அத்தை கேட்டால் என்னிடம் அனுப்பிவிடு, அவளுக்கும் கட்டம் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா