வேலைவாய்ப்புப் பிரிவுக்கு: அடுத்த முறை எச்ஆரை (மனிதவளப் பிரிவினரை) மட்டும் கூப்பிடாதீர்கள்

பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தும் முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு பருவத்திலும் முதுகலை, ஆய்வு மாணவர்களுக்காக நெட்வொர்க்கிங் நிகழ்ச்சி வைக்கிறீர்கள். மண்டபம் பிடித்து, நிறுவனங்களுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டு, கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்பவர்களைச் சமாளித்து நடத்துவது லேசான வேலை இல்லை, தெரியும். ஆனால் எல்லாம் முடிந்தபின் நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலில் எத்தனை மாணவர்கள் வந்தார்கள், எத்தனை நிறுவனங்கள் வந்தன என்பதுதான் இருக்கிறது. அதன் மூலமாக யாருக்காவது இன்டர்ன்ஷிப் கிடைத்ததா என்று ஒரு வரி கிடையாது. நீங்களே கணக்கு எடுக்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மண்டபத்துக்குள் நடப்பது இதுதான். பெரிய நிறுவனத்தின் மேசைக்கு முன்னால் வளைந்து வளைந்து வரிசை நிற்கும். கால் கடுக்க நின்று முறை வந்தால், எதிரே இருக்கும் எச்ஆர்காரர் கியூஆர் கோடு ஒட்டிய அட்டையைக் காட்டி “இதுல அப்ளை பண்ணிடுங்க” என்பார், ரெஸ்யூம் கையிலேயே இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பம் இணையத்தில்தான் வரவேண்டும் என்பது பல நிறுவனங்களில் விதி, அப்புறம் எந்தக் குழுவில் ஆள் தேவை, அங்கே தினமும் என்ன வேலை நடக்கிறது என்பதெல்லாம் எச்ஆரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. புரதங்களின் அமைப்பை நாலைந்து வருடமாக ஆராயும் ஒரு மாணவி, “என் ஆய்வுக்கு உங்களிடம் எங்கே இடம் இருக்கும்?” என்று கேட்டால் பாவம் அவர்தான் என்ன சொல்வார்?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் இருக்கிறார். இரண்டு மூன்று வருடம் முன்பு இதே துறையில் படித்து முடித்துவிட்டுப் போன அக்காவோ அண்ணனோ. இருநூறு பக்க ஆய்வேட்டை ஒரு பக்க ரெஸ்யூமாக எப்படிச் சுருக்கினார், நேர்காணலில் எங்கே மாட்டிக்கொண்டார், எந்தக் குழுவில் இடம் காலியாகப் போகிறது, இதெல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். உங்கள் நிகழ்ச்சிகளிலோ பத்து வருடம் கழித்து மேலாளராகி மேடையில் வாழ்த்துரை வழங்கும்போதுதான் அவரைப் பார்க்க முடிகிறது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 17 சதவீதம் கூட இல்லை, மீதிப் பேர் எப்போதாவதோ அரிதாகவோ பார்ப்பவர்கள். 2022-ல் லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிப் பேரை வைத்து வந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் சாய்ந்தது, ஆனால் ஒரு திருத்தத்தோடு: கொஞ்சம்போலப் பழக்கம் உள்ளவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள், பேருக்கு மட்டும் தொடர்பில் இருப்பவர்கள் அந்த அளவுக்கு இல்லை. ஒரே துறை, ஒரே ஆய்வகம், அதே பேராசிரியரிடம் திட்டு வாங்கிய அனுபவம், அந்தக் கொஞ்சப் பழக்கத்துக்கு இவ்வளவு போதும்.

அதனால் துறைவாரியாகச் சின்னச் சின்ன மேசை போடுங்கள். ஒரு மேசைக்கு ஐந்தாறு மாணவர்கள், வேலையில் இருக்கும் ஒருவர், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். கூட்டத்தில் முண்டியடித்துப் பேசத் தெரிந்தவர்களுக்கு இப்போதைய ஏற்பாடு பரவாயில்லை. சுவரோரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டே நேரத்தை ஓட்டுபவர்கள்தான் பாதிப் பேர், அவர்களில் நல்ல திறமைசாலிகளும் உண்டு.

வருபவர்கள் யார், எந்தக் குழுவில் என்ன வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலையும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வாசலில் வைத்துக் கொடுத்தால் யாரிடம் என்ன கேட்பது என்று யோசிக்கவே நேரம் இருக்காது. சட்டையில் குத்தும் அட்டையில் பதிவு எண் எதற்கு? என்ன ஆய்வு, எப்போது படிப்பு முடிகிறது, அதைப் போடுங்கள், எதிரே இருப்பவருக்குப் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும்.

தேதி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபம் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவும் இன்டர்ன்ஷிப்புக்கு ஆறேழு மாதம் முன்பே ஆள் எடுத்துவிடுகின்றன. இறுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நிகழ்ச்சி வைத்தால் வந்தவர்களிடம் எங்களுக்குக் கொடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. பருவத் தொடக்கத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் மாலையில் வையுங்கள், பகலில் ஆய்வகத்தை விட்டுவிட்டு வர எல்லோருடைய வழிகாட்டியும் அனுமதிப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து, வந்த மாணவர்களிடம் மூன்றே கேள்வி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: அங்கே சந்தித்தவரோடு மறுபடி பேசினீர்களா, அவர் யாரிடமாவது அறிமுகப்படுத்தினாரா, அதனால் வேலையோ இன்டர்ன்ஷிப்போ கிடைத்ததா. முன்னாள் மாணவர்களைத் தேடித் தொகுக்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால் சொல்லுங்கள், எங்கள் துறைப் பட்டியலை நாங்களே தயார் செய்து தருகிறோம். சங்கத்திடம் இருக்கும் முகவரிகளுக்கு அழைப்பு அனுப்புவதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் சரி.

இப்படிக்கு,
முதுகலை, ஆய்வு மாணவர்கள் சார்பில் ஒருவர்