தம்பிமாரே, பெஞ்சுக்கு வாறதில் என்ன குறைச்சல்?

நம்மட கழகத்தின் மூத்த ஹொக்கி வீரர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும்,

ஐஸ் பெட்டியும் தண்ணீர்க் கேனுமாகப் பெஞ்சின் ஓரத்தில் இருக்கிற பழைய ஆள் எழுதுகிறேன். இந்தப் பருவம் நாம் தோற்ற கதை மட்டக்களப்பு முழுக்கத் தெரியும். ஏன் தோற்றோம் என்பதில்தான் கழகத்துக்குள் இரண்டு கட்சி. வயது போனவர்களை நிறுத்திவிட்டுப் பொடியன்களை இறக்குங்கள் என்கிறது ஒன்று. அனுபவம் இல்லாமல் என்ன ஹொக்கி என்கிறது மற்றது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

முதலில் மூத்தவர்களோடு பேசுகிறேன். ஹொக்கியில் ஆளை மாற்றக் கணக்கு வழக்கு இல்லை. வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகலாம், எத்தனை தரமும் போகலாம். 15 நிமிடப்படி நான்கு கால் பகுதி, அதில் முப்பத்தைந்து வயதுக்காரன் ஆறேழு நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவது உலகம் முழுக்க நடக்கிற வேலை. நம்மிடம் அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பயிற்றுவிப்பாளர் கையைக் காட்டினால் முதலில் கேட்காத மாதிரி நிற்பீர்கள். பிறகு வந்து ஸ்டிக்கை எறிவீர்கள். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் பதினெட்டு வயதுப் பொடியன் உள்ளே போகிறான். அவனுக்கு முதல் பந்து தவறுகிறது. உடனே கோட்டுக்கு வெளியிலிருந்து நீங்கள் கத்துகிறீர்கள். அடுத்த பந்தை அவன் கேட்கவே மாட்டான், ஆள் மறைவில் போய் நின்றுகொள்வான். கடைசிக் கால் பகுதியில் உங்களுக்குக் கால் வராது, பந்தை இழந்தால் திரும்பி ஓட முடியாது. ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல அணியில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. நாம் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் வந்தவைதான்.

அட்டை விசயமும் அப்படித்தான். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து. நம் அணி வாங்குகிற அட்டைகள் மோதி வாங்கியவை அல்ல, நடுவரோடு வாயாடி வாங்கியவை. இப்போது பத்தொன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் நடுவரைப் பார்த்துக் கை விரிக்கப் பழகிவிட்டார்கள். யாரைப் பார்த்துப் பழகினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தியக் கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷை உங்களுக்குத் தெரியும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டமும் வெல்லாமல் 12 அணிகளில் கடைசியாக வந்த இந்திய அணியில் அவர் இருந்தார். 2016 ரியோவில் அணித் தலைவர். அதன்பின் டோக்கியோவில் மன்பிரீத் தலைமையிலும், 2024 பாரிஸில் ஹர்மன்பிரீத் தலைமையிலும் கோலைக் காத்தார். இருவரும் அவரைவிட இளையவர்கள். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என வென்ற ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் பெனால்டி கோர்னரை, அதாவது கோலுக்கு அருகில் செய்த தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கிற அடியை, தடுத்தது அவர்தான். 1980இல் நம் தமிழன் பாஸ்கரன் தலைமையில் வென்ற தங்கத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தலைவர் பட்டி கையில் இல்லாததால் அவர் சொல் எடுபடாமல் போகவில்லையே.

பெனால்டி கோர்னர் என்றதும் இன்னொன்று. எதிரணி அடிக்கும்போது கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் பின்னால் நிற்கலாம். அதில் முதலில் பாய்ந்து ஓடுகிறவன் பந்தைத் தன் உடம்பில் வாங்கத் துணிந்தவனாக இருக்கவேண்டும். இந்தியாவுக்கு அந்த வேலையைச் செய்தவர் அமித் ரோஹிதாஸ், பாரிஸில் அவருக்கு வயது 31. நம் அணியில் அதற்கு யாரை அனுப்புகிறோம்? ஆகச் சின்னவனை. முழங்கால் காப்பும் முகமூடியும் அவனுக்கு அளவில்லை, அது வேறு கதை. ஒரேயொரு ஆட்டத்தில் உங்களில் ஒருவர் அந்த இடத்துக்குப் போங்கள். பிறகு நீங்கள் ஏசினாலும் பிள்ளைகள் கேட்பார்கள்.

கொழும்பில் செயற்கைத் தரையில் ஆடிய அனுபவம் உங்களுக்குத்தான் இருக்கிறது. இங்கே பந்து துள்ளித் துள்ளி வரும், ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்துப் பழகிய கை. அங்கே அது வழுக்கிக்கொண்டு வரும், ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்தவேண்டும். இதைப் பயிற்சியில் ஒரு பின்னேரம் காட்டிக்கொடுத்தால் போதும். அங்கே போய் இறங்கிய பிறகு “இதுகூடத் தெரியாதா” என்று கேட்பதால் என்ன பயன்?

அடுத்து நிர்வாகக் குழு. மூத்தவர்களை ஒரேயடியாக வெட்டுகிற யோசனை உங்களுக்குள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். 1998இல் பாங்கொக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் 32 வருடங்களுக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. வென்ற கையோடு அவரையும் சில மூத்தவர்களையும் ஓய்வு என்ற பெயரில் ஒதுக்கினார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு அதே தன்ராஜைத் திரும்ப அழைக்கவேண்டி வந்தது. வென்றவர்களை ஒதுக்கியே அந்தப் பாடு. தோற்ற நேரத்தில் நாலு பேரைப் பலி கொடுத்தால் மிச்சப் பொடியன்கள் படிப்பது ஒன்றுதான்: நாளை நமக்கும் இதே கதி, ஆகவே பழியை முந்திக்கொண்டு மற்றவன் மேல் போடு.

அதற்காக, உடைமாற்றும் அறையில் நல்ல மனுசன் என்பதற்காக ஒருவரை அறுபது நிமிடமும் ஓடவிடுவதும் சரியில்லை. ஒற்றுமை, பண்பாடு என்று பேசிப் பேசியே தெரிவில் விடுகிற பிழையை மூடிவிடலாம். நாம் அதையும் செய்திருக்கிறோம். ஓட முடிந்த அளவுக்கு ஓடட்டும், மீதி நேரம் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்து, உள்ளே போகப்போகிறவனிடம் எதிரணியின் இடது பக்கம் எங்கே திறக்கிறது என்று சொல்லட்டும். தலைவர் பட்டியை இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஒருவருக்குக் கொடுங்கள். அவர் பெயரைக் கூட்டத்தில் மூத்தவர்களே முன்மொழிந்தால் இன்னும் நல்லது.

இதைக் கார்த்திகை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். மழை பிடித்தால் மைதானத்தில் தண்ணீர் வற்றத் தை மாதம் ஆகும், புதுத் தலைவருக்குப் பயிற்சிக்கு நாள் கிடைக்காது. அப்புறம், நமக்குப் பெனால்டி கோர்னர் கிடைக்கும்போது அடிப்பவனுக்குப் பந்தை நிறுத்திக்கொடுப்பது யார் என்று இந்தப் பருவம் முழுக்க முடிவாகவில்லை. அதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள்.

அன்புடன்,
பெஞ்சின் ஓரத்து அண்ணன்