பின்னட்டையில் முத்திரை வேண்டாம்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழிபெயர்ப்பு நூல்களை வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் வாங்கிய ஒரு ஜப்பானிய நாவலின் தமிழாக்கம்தான் இதை எழுதவைத்தது. நூலின் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். குறை ஒருவருடையது மட்டும் அல்ல. பின்னட்டையில் ‘அறிவியல் புனைவு’, ‘திகில்’, ‘மாய யதார்த்தம்’ என்று மூன்று முத்திரைகள். மூலம் எந்த ஆண்டு வந்தது, எந்த மொழி வழியாகத் தமிழுக்கு வந்தது என்பதற்கு உள்ளே ஒரு வரிகூட இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவாவின் ‘தி மெமரி போலீஸ்’ நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் ஆங்கிலத்தில் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

பெயரில்லாத ஒரு தீவு. ரிப்பன், மணி, வாசனைத் திரவியம், பறவை, ரோஜா என்று ஒவ்வொன்றாக மறைகின்றன. பொருளோடு அதன் நினைவும் போய்விடுகிறது. மறக்க முடியாதவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. கதை சொல்லும் பெண் ஒரு நாவலாசிரியை. மறதி வராத தன் பதிப்பாசிரியரை வீட்டுக்குள் ரகசிய அறை கட்டி ஒளித்துவைக்கிறாள். ஆங்கிலப் பதிப்புக்கான விளம்பரம் இதை, ‘1984’ எழுதிய ஜார்ஜ் ஆர்வெலின் பாணி நாவல் என்றது, அரசுக் கண்காணிப்பின் பயங்கரம் என்றது.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வூதியத்தில் ஒதுக்கிவைத்துப் புத்தகம் வாங்குபவர். அவர் பாதியிலேயே மூடிவைத்துவிட்டார். “போலீஸுக்கு மேலே யார் இருக்கிறார்கள், எதற்காக இதைச் செய்கிறார்கள், ஒன்றுமே சொல்லவில்லையே” என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அதெல்லாம் இருக்கும் என்றுதானே அவரிடம் சொல்லி விற்றார்கள்? இன்னும் இருவர், இது கைப்பேசிக் காலத்து வேவு பற்றிய கதை என்றே வாதிட்டார்கள். நாவல் ஜப்பானில் வந்தது 1994-ல். பிரெஞ்சில் 2009-ல், ஸ்டீஃபன் ஸ்னைடரின் ஆங்கிலத்தில் 2019-ல். நாஜிகளுக்கு அஞ்சி மறைவிடத்தில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை இளம் வயதில் படித்ததுதான் தன்னை எழுதத் தூண்டியது என்று ஒகாவா சொல்லியிருக்கிறார். ஆண்டும் இந்தப் பின்னணியும் தெரிந்திருந்தால் அந்த ரகசிய அறை எங்களுக்கு வேறு மாதிரி திறந்திருக்கும்.

நாவலை முழுதாகப் படித்து வந்தவள் ஒரு கல்லூரி மாணவி. அவள் வாங்கிப்போனது நான் பிரவுன் தாளில் அட்டை போட்டுவைத்திருந்த பிரதி. பின்னட்டையை அவள் பார்க்கவே இல்லை. ஒளிவறையில், கதை சொல்லும் பெண்ணுக்குத் துணைநிற்கும் கிழவருக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பகுதியைப் பற்றி அவள் பேசியபோது யாரும் குறுக்கிடவில்லை. நாவலுக்குள் இருக்கும் இன்னொரு கதையில், குரலை இழந்து ஒரு கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் தட்டச்சுப் பெண்ணை அவள்தான் எங்களுக்குச் சுட்டிக்காட்டினாள். கடைசியில் தீவுக்காரர்களின் இடது காலே மறைந்துபோகிறது. கால் உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது தங்களுடையது என்ற உணர்வு போய்விடுகிறது. அதற்கும் பழகிக்கொள்கிறார்கள். இந்தப் பழகிப்போதல்தான் நாவல். போலீஸ் அதில் ஓரத்தில் நிற்கிறது. இதை எந்த வகைக்குள் அடைப்பீர்கள்?

இதே ஒகாவாதான் எண்பது நிமிடத்துக்கு மேல் நினைவு தங்காத ஒரு கணிதப் பேராசிரியரையும், அவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையும், அவள் மகனையும் வைத்து 2003-ல் ஒரு நாவல் எழுதினார். ஜப்பானியப் புத்தகக் கடைக்காரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துத் தரும் விருதை முதன்முதலாக, 2004-ல், அந்த நூலுக்குத்தான் கொடுத்தார்கள். பகா எண்களும் பேஸ்பாலும் நிறைந்த அந்தப் பிரியமான கதைக்கும் தீவுக் கதைக்கும் ஒரே முத்திரை பொருந்துமா?

ஆகவே கேட்கிறேன்: பின்னட்டையில் வகை எழுதாதீர்கள். அந்த இடத்தில் மூலம் வந்த ஆண்டையும் அது தமிழுக்கு வந்த வழியையும் அச்சிடுங்கள்.

சொல்ல வந்தது இதுதான் என்றாலும் மனம் பொறுக்கவில்லை. யாரைக் கொண்டுவந்தாலும் ‘அந்த நாட்டுக் காஃப்கா’ என்கிறீர்கள். முன்னுரை எழுதியவரின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவரின் பெயரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் வழியாக வந்த நூலில் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நன்றிகூட இருப்பதில்லை. இரவல் உழைப்பை இப்படி மறைப்பது முறையல்ல. வாசகருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறீர்களா? காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு வேண்டும்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். லாபம் பெரிதாக இல்லாத தொழிலில், தொலைதூர எழுத்தாளர்களை எங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. விற்பனைக்கு நாலு வரி தேவை என்பதும் தெரியும். அந்த நாலு வரியில் கதை தொடங்கும் இடத்தைச் சொல்லுங்கள். வகையை மட்டும் விட்டுவிடுங்கள். நூல் விவரப் பக்கத்தில் மூல ஆண்டும், இடைமொழியும், இரண்டு மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களும் சேர இரண்டு வரி போதும். அடுத்து அச்சுக்குப் போகும் நூலிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்