லூகரின் பெரும்பணி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆயுதக் குறைப்புக் கட்டுரை, அமெரிக்க செனட்டர் ரிச்சர்டு லூகரை ஒரே வரியில் கடந்துவிட்டது: 2010 டிசம்பரில், அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தச் செய்துகொண்ட 'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தம் செனட்டில் 71-26 என்ற வாக்குகளில் நிறைவேறத் துணைநின்றவர் என்று. உண்மைதான். ஆனால் யார் எத்தனை அணு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்பதோடு ஒப்பந்தம் நின்றுவிடும். மிச்சத்தை யார் பிரித்து அழிப்பது, செலவு யாருடையது? லூகர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது இந்தக் கேள்வியில்தான்.

சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த 1991-ல், ஜனநாயகக் கட்சி செனட்டர் சாம் நன்னோடு சேர்ந்து குடியரசுக் கட்சிக்காரரான அவர் கொண்டுவந்த சட்டம், பாதுகாப்புத் துறை நிதியில் 40 கோடி டாலர் வரை சோவியத் ஆயுதங்களை அழிக்கும் வேலைக்கு எடுக்க வழிசெய்தது. உதவி பெரும்பாலும் கருவிகளாகவும் ஒப்பந்த வேலைகளாகவுமே போனது. ரொக்கமாகக் கொடுக்காதது நல்ல முடிவு.

ஒரு திரவ எரிபொருள் ஏவுகணையை ஒழிப்பது நீண்ட வேலை. முதலில் அணு ஆயுத முனையைக் கழற்றி, காவலோடு ரயிலில் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அடுத்து ஹெப்டைல் எரிபொருளை வடிக்க வேண்டும். அது கடும் நஞ்சு. அதன் பிறகே உடலை வெட்ட முடியும். கடைசியில் ஏவுகணை நின்ற நிலத்தடிக் குழியை வெடிவைத்துத் தகர்த்து, செயற்கைக்கோள் பார்த்து உறுதிசெய்யும்வரை திறந்தே வைத்திருந்து மூடுவார்கள்.

பிழைகளும் நடந்தன. வடித்த ஹெப்டைலை அழிக்க ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க்கில் ஏறத்தாழ 10 கோடி டாலரில் ஆலை எழுந்தது. பிறகுதான், அந்த எரிபொருளை ரஷ்யா விண்வெளி ராக்கெட்டுகளுக்குப் பயன்படுத்திவிட்டது தெரிந்தது. எரிபொருளை ஆலைக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று உடன்படிக்கையில் கட்டாயம் இல்லை. அந்த ஒரு விதி விடுபட்டதால் ஆலையே வீணானது.

ரஷ்யாவின் ஷுச்சியே கிடங்கில் நரம்பு நஞ்சு நிரப்பிய குண்டுகள் ஏறத்தாழ 20 லட்சம். அவற்றில் ஒன்று சாதாரணக் கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பதை லூகர் படம் எடுத்தே காட்டினார். அப்படியும் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வேலைக்கான நிதியைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்தது. ரஷ்யாவின் நடத்தைக்கு அதிபர் ஆண்டுதோறும் சான்று தரவேண்டும் என்ற நிபந்தனையும் 2002-ல் புதிய பணிகளை முடக்கியது. அழிப்பு தொடங்கியது 2009-ல். கிடங்கில் குண்டு இருக்கும்போது இப்படிக் காலம் கடத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவே 7,600-க்கும் மேற்பட்ட முனைகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் மூன்றிலும் இருந்த சோவியத் அணு ஆயுதங்கள் 1996-க்குள் அகற்றப்பட்டன. எத்தனை முனை, எத்தனை குழி, எத்தனை நீர்மூழ்கி என்று லூகர் அலுவலகம் தொடர்ந்து கணக்கு வெளியிட்டுவந்தது.

2012-ல் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். 2013 ஜனவரியில் பதவி முடிந்தது. அதே ஆண்டு ஜூனில், இந்த அழிப்புப் பணிக்காக ரஷ்யாவுடன் இருந்த உடன்படிக்கையும் காலாவதியானது. அடுத்த கட்டுரையில் ஒப்பந்த எண்ணிக்கைகளோடு இந்த அழிப்புக் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள்.

வாசகர், திருச்சி