வெள்ளி கடலில், புகை பனியில்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் என் கண்தான். வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். சில நாள் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றன. தாள் இவ்வளவு வெளுப்பாக இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். தடை நீங்கிய அன்று உன் கடிதத்தைத்தான் முதலில் மறுபடி படித்தேன். பிறகு, நீ கேட்டிருந்த புதிய வெளியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழங்கால மர்மம், தொலைந்த புதையல், பூமியின் எதிர்காலம் என்று மூன்று வகையிலும் புத்தகங்களும் ஆவணப்படங்களும் வந்து குவிகின்றனவே, எதைப் படிப்பது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு வகை போதும், மூன்றாவது வேண்டாம், இந்த வயதில் காசு கொடுத்துப் பயத்தை வாங்குவானேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரி என் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்தக் கடிதம் பெரும்பாலும் அதற்கான பதில்தான்.

விடவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரமிடுகளை வேற்றுக்கிரகத்தார் கட்டினார்கள் என்று சொல்லும் எதையும் வாங்காதே. கல்லைச் சுமந்தவனை அவமதிக்கும் பேச்சு அது. 2013-இல் செங்கடல் ஓரம் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் என்ற கோரைத்தாள் துண்டுகள் கிடைத்தன. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னனின் காலத்தில் மெரெர் என்ற கண்காணிப்பாளர் எழுதிய நாட்குறிப்பு அது. தன் ஆட்களோடு தூரா சுரங்கத்தில் சுண்ணக்கல் ஏற்றினோம், படகில் கீசாவுக்குக் கொண்டுபோனோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம் என்று நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதரின் வேலைக் கணக்கு நம் கைக்கு வந்திருக்கும்போது, வானத்திலிருந்து யாரையாவது இறக்கிவிட என்ன தேவை?

படிக்கவேண்டியவற்றில் ஹெர்குலேனியம் சுருள்களைப் பற்றியவை முதலில் வரும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெய்யோடு சேர்ந்து அழிந்த ஊர் ஹெர்குலேனியம். அங்கே ஒரு பெரிய மாளிகையில் இருந்த நூலகம் கொதிக்கும் சாம்பலில் வெந்து கரியாகி, அப்படியே மூடிக்கொண்டது. 1750-களில் தோண்டியவர்களின் கைக்கு நூற்றுக்கணக்கான சுருள்கள் கிடைத்தன. கரிக்கட்டை என்று எண்ணித் தூக்கியெறிந்தவை போக மிஞ்சியவற்றைக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள், அவை பொடிந்தன. வத்திக்கானிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார், பட்டு நூலில் தொங்கவிட்டு மயிரிழை மயிரிழையாகப் பிரிக்கும் ஒரு கருவி செய்தார். அதில் ஒரு சுருளைப் பிரிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. பிரிக்க முடியாதவை இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பெட்டிகளில் கிடந்தன.

எக்ஸ் கதிரால் உள்ளே பார்க்கலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், மையும் கரி, தாளும் கரி. கதிருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் இருபது ஆண்டுக்கு மேலாக இதனோடு மல்லாடி, சுருளைத் தொடாமலே கணினிக்குள் விரித்துவிடும் முறையை உருவாக்கினார். 2023 மார்ச்சில் ஸ்கேன் படங்களை உலகத்துக்கே திறந்துவிட்டு, படிப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். எழுத்து இருந்த இடங்களில் மட்டும், காய்ந்த ஏரி மண்போல ஒரு நுண்ணிய வெடிப்பு தெரிவதை ஒருவர் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார். அந்த வெடிப்பைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த லூக் ஃபாரிட்டருக்கு அப்போது வயது 21. அவருக்கு முதலில் கிடைத்த சொல் 'ஊதா நிறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் யூசுஃப் நாதர், ஃபாரிட்டர், ஜூலியன் ஷிலிகர் மூவரும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளைப் படித்துக் காட்டி 7 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். அது அந்தச் சுருளில் சுமார் 5 சதவீதம்தான்.

அந்த 5 சதவீதத்தில் என்ன இருந்தது தெரியுமா? இன்பத்தைப் பற்றிய தத்துவ விசாரணை. ஒன்று அரிதாகக் கிடைக்கிறது என்பதாலேயே அது ஏராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று எழுதியவர் கேட்கிறார். அப்படி உடனே நம்பிவிட மாட்டோம் என்கிறார். இத்தனை பாடுபட்டுத் தோண்டியெடுத்த வரிகள் இதைச் சொன்னபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

அந்த மனநிலையோடுதான் அடுத்ததாகக் கப்பல் புத்தகத்தை எடுத்தேன். உனக்குப் பிடித்த சான் ஹோசே. 1708 ஜூன் 8 அன்று இன்றைய கொலம்பியாவின் கார்த்தஹேனா கடலோரத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்களோடு நடந்த சண்டையில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல். அதிலிருந்த சுமார் 600 பேரில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொன், வெள்ளி, மரகதம் என்று தென்னமெரிக்கா ஆண்டுக்கணக்கில் ஈன்ற செல்வம் அதனோடு போயிற்று. 2015-இல் கொலம்பியக் கடற்படை அதைக் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம். 2025 நவம்பரில் ஒரு பீரங்கி, ஒரு பீங்கான் கோப்பை, சில நாணயங்கள் மேலே வந்தன. கொலம்பியா எனக்கு என்கிறது. ஸ்பெயின் என் கப்பல் என்கிறது. தேடிய நிறுவனம் பங்கு கேட்கிறது. பொலிவியாவின் கரா கரா பழங்குடியினர், எங்கள் முன்னோரை வதைத்துத் தோண்டிய வெள்ளி அது என்கிறார்கள். என்னைக் கேட்டால், நால்வரில் நெஞ்சைத் தொடும் வழக்கு கடைசியாகச் சொன்னதுதான்.

அந்தப் பொலிவியாவிலுள்ள போட்டோசி மலையைச் சொல்கிறேன். 1545-இல் அங்கே வெள்ளி கண்டார்கள். 1570-களிலிருந்து பழங்குடி ஊர்கள் ஒவ்வொன்றும் முறைவைத்து ஆட்களை அனுப்பவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் மாண்டார்கள். தாது பிரிக்கப் பாதரசம் கலந்தவர்கள் அந்த நஞ்சால் மாண்டார்கள். கப்பல் புத்தகம் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபடியும் நாணயங்களுக்குப் போய்விடுகிறது. அது எனக்குக் குறையாகப்பட்டது.

மீதிக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று நினைக்கிறாய்? நீ வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்றாவது வகைப் புத்தகத்தில்.

போட்டோசிக்கு வடமேற்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தள்ளி, பெரு நாட்டின் மலைமேல், 5,600 மீட்டர் உயரத்தில் கெல்காயா என்ற பனிப்பரப்பு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் விழும் பனி முந்தைய ஆண்டின்மேல் படிந்து இறுகும். நம் தாத்தா காலத்துக் கணக்கேடுபோல ஆண்டுக்கு ஒரு தாள். உள்ளீடற்ற துளைக்கருவியை இறக்கி நீளமான பனித்தண்டை உருவியெடுத்தால் அந்தத் தாள்களை எண்ணலாம். அப்படி எடுத்த தண்டை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டுப் படிவுகளில் ஈயம், ஆர்செனிக், ஆன்டிமனி திடீரென்று ஏறுகின்றன. போட்டோசி உலைகளின் புகை. தொழிற்புரட்சி தொடங்க இரண்டு நூற்றாண்டு இருக்கும்போதே தென்னமெரிக்காவின் காற்றை மனிதன் கெடுத்ததற்கு அங்கே சாட்சி இருக்கிறது.

யோசித்துப் பார், நண்பா. ஒரே உலையிலிருந்து வெள்ளி ஒரு பக்கம் போயிற்று, புகை ஒரு பக்கம் போயிற்று. வெள்ளி கடலடியில் கிடக்கிறது. அதற்காக நான்கு தரப்பு சண்டை போடுகிறது. புகை பனிக்குள் கிடக்கிறது; அதை உரிமை கொண்டாட யாரும் இல்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்ததால்தான் இது எனக்குத் தெரிந்தது. ஒன்றை மட்டும் படித்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

பனிக்குள் ரோமாபுரியும் இருக்கிறது. கிரீன்லாந்துப் பனியிலுள்ள ஈயத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து ரோமின் வெள்ளிச் சுரங்கங்கள் எப்போது செழித்தன, எப்போது கொள்ளைநோயில் படுத்தன என்று சொல்கிறார்கள். சீசர் கொலையுண்ட மறு ஆண்டு, கி.மு. 43-இல், அலாஸ்காவில் ஒக்மோக் எரிமலை வெடித்த சாம்பலும் அங்கேயே சிக்கியிருக்கிறது. அந்நாளில் வெயில் மங்கியது, நைல் பொங்கவில்லை என்று பழைய ஆசிரியர்கள் எழுதிவைத்ததை, இந்தச் சாம்பல் கிடைக்காவிட்டால் நாம் கட்டுக்கதை என்று தள்ளியிருப்போம்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். அண்டார்டிகாவில் எடுத்த ஒரு பனித்தண்டு எட்டு லட்சம் ஆண்டுக் காற்றைக் குமிழிகளில் அடைத்து வைத்திருக்கிறது. அந்த எட்டு லட்சம் ஆண்டிலும் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று 420-ஐயும் தாண்டிவிட்டது. 2025 ஜனவரியில், 2,800 மீட்டர் ஆழம்வரை துளைத்து, குறைந்தது 12 லட்சம் ஆண்டுப் பழைய பனியை எடுத்துவிட்டதாக ஐரோப்பியக் குழு அறிவித்தது. இதைப் படித்தபோது எனக்குப் பயத்தைவிட வியப்பே மிகுந்தது. அந்தக் காற்றை அன்று சுவாசித்தவர்கள் நம் இனமே இல்லை.

பயம் வந்த இடம் வேறு. சுவிட்சர்லாந்தில் கோர்பாசியேர் என்ற பனியாற்றில் 2018-இல் ஆய்வாளர்கள் ஒரு தண்டு எடுத்தார்கள். அடுக்குகள் தெளிவாக இருந்தன. 2020-இல் திரும்பிப் போய் இன்னொன்று எடுத்தார்கள். மேலே உருகிய நீர் உள்ளே இறங்கி அடுக்குகளிலிருந்த தடயங்களைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. பனி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, ஏடும் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை. இரண்டே ஆண்டில்! ஹெர்குலேனியத்தின் கரிச்சுருள்கள் இருநூற்றைம்பது ஆண்டு பெட்டியில் கிடந்து, படிக்கத் தெரிந்தவர்கள் பிறக்கும்வரை காத்திருந்தன. மலைப்பனிக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் சிலர் உலகின் உயரமான பனியாறுகளிலிருந்து தண்டுகளை உருவி, அண்டார்டிகாவில் கான்கார்டியா ஆய்வு நிலையத்தருகே பனிக்குள் குகை குடைந்து சேர்த்துவைக்க முயல்கிறார்கள். இன்று நம்மிடம் இல்லாத கருவி நாளை ஒருவரிடம் இருக்கும், அவர் படிக்கட்டும் என்று. இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனம் நிறைந்திருந்ததால் வரவில்லை.

ஆகவே மூன்றாவது வகையை ஒதுக்காதே என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். 2100-இல் இன்னது நடக்கும் என்று முழங்குகிறவற்றை வேண்டுமானால் விட்டுவிடு. பனியைப் படிப்பவர்கள் எழுதியதை விடாதே. கப்பல் புத்தகத்தையும் பனிப் புத்தகத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். கப்பலை நீ இரண்டு இரவில் முடித்துவிடுவாய். பிறகு பனிப் புத்தகத்தில் போட்டோசி வரும் அத்தியாயத்திலிருந்து தொடங்கு. முதல் அத்தியாயம் துளைக்கருவிகளைப் பற்றியது, சற்று வறட்சி.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டாயா? இன்னொன்று: பள்ளி நாளில் நாம் சிவப்புப் பென்சிலால் புதையல் தீவுகளைக் குறித்துவைத்த அந்த நிலப்பட நூல் உன்னிடம்தான் இருக்கவேண்டும். தென்னமெரிக்கப் பக்கத்தைத் திருப்பி, கெல்காயா அதில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எழுது.

என்றும் உன்
பழைய நண்பன்