பைக் செயின் கழுவ ஏன் அரை மணி நேரம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"பெட்ரோல ஊத்தி பிரஷ் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு எதுக்கு அரை மணி நேரம் உட்கார வைக்கிறீங்க?" போன வாரமும் ஒருவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. வேலை நெருக்கடியில் நின்று பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல். வீட்டில் தாங்களே செயின் துடைப்பவர்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் வலது ஆள்காட்டி விரல் நகம் கோணலாக இருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். தொழில் பழகிய காலத்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரைப் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடித்தேன். செயின் தானாகச் சுற்றும், நாம் சும்மா பிடித்தால் போதும் என்ற சோம்பல்தான். ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முழம் செயின் ஓடும். துணியிலிருந்து பிரிந்து தொங்கிய நூல் ஸ்ப்ராக்கெட் (செயின் சுற்றி ஓடும் பல்சக்கரம்) பல்லில் மாட்டியது. கையை விடவேண்டும் என்று தோன்றும் முன்பே விரல் உள்ளே போய்விட்டது. நகத்தோடு தப்பினேன். விரலே போனவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

அதனால் எங்கள் பட்டறையில் சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகுதான் யாரும் செயினைத் தொடுவார்கள். வண்டி நியூட்ரலில் இருக்கும். டயரைக் கையால்தான் சுற்றுவோம், அதுவும் பின்பக்கமாக. கீழே ஓடும் செயினில் துணியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினால், செயின் துணியையும் இழுத்துக்கொண்டு பின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் நுழையும். பின்பக்கமாகச் சுற்றினால் பல்லை விட்டு விலகி வெளியே வரும். பாதி நேரம் இந்தக் கைச்சுற்றிலேயே போகிறது.

அடுத்தது பெட்ரோல். அழுக்கை நன்றாகத்தான் எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து தள்ளியிருக்கும் ஒரு தீப்பொறியைத் தேடிப் போய்விடும். இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. இப்போது பல வண்டிகளில் வருவது ஓ-ரிங் செயின். ஒவ்வொரு பின்னுக்கும் உள்ளே கம்பெனியில் வைத்த கிரீஸ், அது வெளியேறாமல் காக்க ஒரு சின்ன ரப்பர் வளையம். பெட்ரோலும் தின்னரும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். கம்பி பிரஷ் கிழித்துவிடும். ஹை பிரஷர் தண்ணீரைக் கிட்டே பிடித்தால் வளையத்தைத் தாண்டி நீர் உள்ளே போகும். வெளியே பளபளக்கும் செயின் உள்ளே துருப்பிடிக்கும். உள்ளிருக்கும் கிரீஸ் போனால் வெளியிலிருந்து எதை அடித்தாலும் திரும்ப வராது, செயினையே மாற்றவேண்டியதுதான்.

நாங்கள் மண்ணெண்ணெயும் மெல்லிய நைலான் பிரஷும் வைத்துக்கொள்கிறோம். மண்ணெண்ணெயும் எரியக்கூடியதுதான். சைலன்சர் சூட்டோடு வண்டி வந்தால் ஆறும்வரை ஓரமாக நிறுத்துவது அதற்காகத்தான், உங்களைக் காக்கவைக்க அல்ல. துடைத்ததும் மண்ணெண்ணெய் அப்படியே நிற்கக்கூடாது; உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் லூப், அதாவது செயினுக்கு அடிக்கும் மசகு எண்ணெய் ஸ்ப்ரே.

ரிம்மிலும் சுவிங் ஆர்மிலும் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) தெறித்துக் காய்ந்த கருப்பு கிரீஸைச் சுரண்டாதீர்கள், பெயின்ட் போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரண்டு நிமிடம் மேலே ஒட்டிவைத்தால் தானே இளகும். பிறகு சோப்புத் தண்ணீர். டயரில் பட்டிருந்தால் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே ஓட்டுங்கள்.

பின்னால் டிஸ்க் பிரேக் இருக்கும் வண்டி என்றால் ஸ்ப்ரே அடிக்கும் முன் டிஸ்க்கை ஒரு பாலித்தீன் பையால் மூடிவிடுங்கள். ஒரு வாடிக்கையாளர் "பிரேக் பிடிக்கவே இல்லை" என்று பதறி வந்தார். கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் முழுக்க செயின் லூப். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துக் காப்பாற்றினோம். எண்ணெய் குடித்த பேடை ஒன்றும் செய்ய முடியவில்லை, புதிதுதான் போட்டோம்.

லூப் அடித்த உடனே கிளம்பாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி லூப் ஒட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் ரிம்மில்தான் தெறிக்கும். செயினின் உள்பக்கமாக, கொஞ்சமாக அடியுங்கள். சக்கரம் சுற்றும்போது அதுவே வெளிப்பக்கம் பரவிக்கொள்ளும். நிறைய அடித்தால் நல்லது என்று நினைப்பவர்களின் வண்டியைத்தான் நாங்கள் அடிக்கடி துடைக்கிறோம்.

கைக்கு நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவேண்டாம். மூடி போட்ட கேனில் எடுத்துவந்து கொடுத்தால், பழைய எஞ்சின் ஆயிலை எடுத்துப் போகிறவர்களிடம் தனிக் கேனாக ஒப்படைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரர்